கூரையைத் தூக்கும் காற்று

ஆனி பிறந்தால் நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டாரத்துச் சேரங்கோட்டில் ஷீட் கூரைகளின்மேல் மணல்மூட்டை ஏறிவிடும். பழைய டயர், கருங்கல், எது கிடைத்தாலும் சரி. காற்று கூரையைத் தள்ளிக்கொண்டு போகும் என்றே நினைக்கிறோம். பெரும்பாலும் அது தூக்கிக்கொண்டுதான் போகிறது.

சுவரில் மோதும் காற்று கூரை விளிம்பில் விலகி மேலே எழும்பும்போது, கூரைக்கு மேல் அழுத்தம் சரிகிறது. உள்ளே அழுத்தம் குறைவதில்லை; காற்றடிக்கும் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தால் இன்னும் ஏறும். மேலே இழுவை, கீழே உந்தல். மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்றின் விசை சதுர மீட்டருக்கு ஐந்தாறு கிலோ எடைக்குச் சமம். வேகம் 72 ஆனால் விசை நான்கு மடங்கு, இருபது கிலோவுக்கு மேல். தகர ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோவை ஒட்டித்தான். மிச்சத்தை ஆணியும் மூட்டையும் தாங்க வேண்டும். ஆடிக்காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ, ஷீட் பறப்பதற்குக் கணக்கு இருக்கிறது.

இந்த ஆடிக்காற்று புறப்படுவது மொரீஷியஸ் பக்கத்துத் தென்கடலில். நிலநடுக்கோட்டைத் தாண்டி, கிழக்கு ஆப்பிரிக்க மலைகளை ஒட்டி ஓடி, பூமியின் சுழற்சியால் வலப்புறம் வளைந்து, சோமாலியாவிலிருந்து அரபிக்கடலைக் கடக்கிறது. ஃபின்ட்லேட்டர் என்ற பிரிட்டிஷ் வானிலையாளர் 1969இல் இதன் பாதையைத் தெளிவாக வரைந்து காட்டினார். வேகம் உச்சத்தில் இருப்பது தரையில் அல்ல, ஒன்று ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில். பந்தலூர் வட்டார மலைகளும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் நிற்கின்றன! முகட்டைத் தாண்டும்போது காற்று நெருக்கப்பட்டு இன்னும் வேகம் பிடிக்கும். இது புயல் அல்ல. வானிலைத் துறைக் கணக்கில் புயலுக்கு மணிக்கு 62 கி.மீ. வேகமும் வேண்டும், சுழலும் வேண்டும். ஆண்டுதோறும் வரும் இதற்குப் புயலுக்கு வைப்பதுபோல் யாரும் பெயர் வைப்பதில்லை.

மரத்தைச் சாய்ப்பது சீரான காற்று அல்ல, விட்டுவிட்டு வரும் வீச்சு. மரம் ஆடித் திரும்பும் தாளத்தோடு அடுத்த வீச்சும் சேர்ந்துகொண்டால் ஆட்டம் பெருகும். மண் ஊறியிருந்தால் வேருக்குப் பிடிப்பும் போய்விடும். இதே மாவட்டத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது, அப்படி ஊறிய சரிவில் சுமாரான காற்றே போதும். தேயிலைக்கு நிழல் தர ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கின் கிளைகளை மழைக்கு முன்பே வெட்டிவிடுவது செடிக்கு வெளிச்சம் கிடைக்கத்தான். கூடவே, காற்று பிடித்து உலுக்க இலையும் குறைந்துவிடுகிறது.