ஊசிக்கு முன் ஒரு வாளி தண்ணீர்

சிங்கப்பூர் தேக்காவில் மீன்தலைக் கறி சாப்பிட ரேஸ் கோர்ஸ் சாலைக்கு வருகிறவர்கள், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அதிகம் யோசிப்பதில்லை. பக்கத்து ஃபேரர் பார்க்கில்தான் 1843இல் குதிரைப் பந்தயம் தொடங்கியது. 1933இல் புக்கிட் தீமாவுக்கும் 1999இல் கிராஞ்சிக்கும் போன பந்தயம், 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஆனால் குதிரைகள் அடியோடு போய்விடவில்லை. சவாரிப் பள்ளிகளிலும் போலோ கிளப்பிலும் இருக்கின்றன. நம் பிள்ளைகளும் சவாரி பழகப் போகிறார்கள். இந்த ஊர் வெயிலும் புழுக்கமும் குதிரையின் உடம்பை என்ன பாடுபடுத்தும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

தாகம் தெரியாத உடம்பு

மனித வியர்வையில் உப்பு குறைவு. அதனால் வியர்க்க வியர்க்க ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஏறும். உடனே தாகம் எடுக்கும். குதிரையின் வியர்வையோ கிட்டத்தட்ட ரத்தம் அளவுக்கே உப்பானது. தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் ரத்தத்தின் அடர்த்தி அவ்வளவாக மாறாது. மூளைக்குத் தாகச் செய்தியும் போகாது. கடும் வெயிலில் ஓடும் குதிரை மணிக்கு 10 லிட்டருக்கு மேல்கூட வியர்வை இழக்கும். அப்படி இழந்த பிறகும் வாளியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "அதுக்குத் தாகம் இல்லை" என்று நாம் விட்டுவிடுகிறோம். சோடியம், குளோரைடு, பொட்டாசியம் கலந்த உப்புச்சத்து கொடுப்பது முக்கியமாக இதற்குத்தான்: இழந்ததை ஈடுகட்டவும், தாகத்தைத் தூண்டவும்.

குளிர்நாட்டிலிருந்து வரும் சில குதிரைகளுக்கு இந்த ஊரில் வியர்ப்பதே நின்றுபோகும். மூச்சு வாங்கும், உடம்பு கொதிக்கும், தோல் மட்டும் காய்ந்து கிடக்கும். வியர்வை இல்லையே, நல்லதுதானே என்று நினைத்துவிடக் கூடாது. நிழல், மின்விசிறி, உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீர், விடியற்காலையில் மட்டும் பயிற்சி என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பசையும் வாளியும்

ஒரு லாயத்தில் நான் கண்ட காட்சி இன்னும் மனதை உறுத்துகிறது. சவாரி முடிந்து வந்த பெண்குதிரை. விலாவெல்லாம் வெள்ளை நுரை. குழாயில் வரும் உப்புப் பசையை யாரோ அதன் கடைவாயில் பீச்சினார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். ஆனால் தண்ணீர் வாளி காலி. நீர் வற்றிய உடம்புக்குள் கெட்டியான உப்பு போனால், அது இருக்கிற நீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். உதவி என்று கொடுத்ததே கெடுதலாகிவிடும்.

பக்கத்தில் இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் உப்புச்சத்து கலந்த தண்ணீர். குதிரை எதைக் குடித்தாலும் சரி. குடிக்க மறுத்தால் வாயில் ஊற்றித் திணிக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்க, குதிரையின் ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தோள்பட்டைத் தோலைக் கிள்ளி விட்டால் சட்டென்று படிய வேண்டும். கூடாரம்போல் நின்றால் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள்.

ஊசி யார் கையில்?

தண்ணீரும் உப்பும் போதாமல் ஊசி தேவைப்பட்டால், ஒன்று நினைவிருக்கட்டும்: குதிரையின் கழுத்தில் ஊசி போடும் பெரிய சிரைக்கு மிக அருகிலேயே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஓடுகிறது. ஊசி தவறி அதற்குள் மருந்து போனால், நின்ற இடத்திலேயே குதிரை வெட்டி இழுத்துச் சாயும். பக்கத்தில் நிற்பவர் உயிருக்கும் ஆபத்து. தசையில் மட்டுமே போட வேண்டிய புரோக்கெய்ன் பென்சிலின் ரத்தநாளத்துக்குள் புகுந்தாலும் குதிரை வெறிபிடித்தாற்போல் துள்ளும். எனவே சிரை ஊசியும் சலைன் ஏற்றுவதும் கால்நடை மருத்துவர் வேலை. அனுபவசாலி என்று பெயரெடுத்த லாயக்காரரிடம்கூட இதை விடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஒரு குதிரைக்குப் போட்ட ஊசியை அடுத்ததற்குப் போடவே கூடாது; தீராத தொற்று ரத்தசோகை அப்படியும் பரவும். தசையில் ஊசி போட்ட இடம் வீங்கி, சூடாகி, தொட்டால் நறநறவென்றால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். அது சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும் கிருமித் தொற்றாக இருக்கலாம்.

மருத்துவரை அழைக்கும்போது நாடித்துடிப்பையும் உடல் வெப்பத்தையும் எண்ணாகச் சொல்லுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு, 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் இயல்பு. வெயிலில் துவண்ட குதிரையென்றால், அவர் வரும்வரை தண்ணீர்க் குழாயை மூடாதீர்கள். நிழலில் நிறுத்திக் கழுத்திலும் விலாவிலும் ஊற்றிக்கொண்டே இருங்கள்.