டிஸ்க் புதிது, விண்டோஸ் பழையது

ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று புது எஸ்.எஸ்.டி. வாங்கி மடிக்கணினியில் பூட்டியாகிவிட்டது. பென் டிரைவில் விண்டோஸ் 7-ஐ ஏற்றி ஆரம்பித்தால், மொழியைத் தேர்ந்தெடுத்த கையோடு ஒரு பெட்டி வந்து நிற்கிறது: சிடி/டிவிடி டிரைவுக்கான டிரைவர் இல்லையாம். அந்த மடிக்கணினியில் டிவிடி டிரைவே கிடையாது! 'டிஸ்க் டூப்ளிகேட் போலிருக்கிறது' என்று வாங்கிய கடைக்கு ஓடத் தோன்றும். பாவம், டிஸ்க்கின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

விண்டோஸ் 7 விற்பனைக்கு வந்தது 2009 அக்டோபரில். யூ.எஸ்.பி. 3.0 துளைகள் மடிக்கணினிகளில் பரவியது அதற்குப் பிறகு. அதனால் அவற்றுக்கான டிரைவர் அதில் இல்லை. பென் டிரைவிலிருந்து முதலில் ஏற்றிவிடுவது மடிக்கணினியின் பயாஸ். அதுவரை எல்லாம் சரியாகப் போகும். விண்டோஸ் பொறுப்பைத் தன் கையில் எடுத்ததும், தான் எந்தப் பென் டிரைவிலிருந்து வந்ததோ அதுவே அதன் கண்ணில் படாது. அதைத்தான் டிவிடி, டிரைவர் என்று சுற்றி வளைத்துச் சொல்கிறது. கறுப்பு நிற யூ.எஸ்.பி. 2.0 துளை இருந்தால் பென் டிரைவை அதில் மாற்றிச் செருகினாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். 2015-ல் வந்த இன்டெல் 6-ஆம் தலைமுறை முதல் அந்த வித்தை பலிப்பதில்லை. அவற்றில் எல்லாத் துளைகளும் புதிய கட்டுப்பாட்டுச் சில்லு வழியாகவே போகின்றன. நிறுவும் பென் டிரைவுக்குள் யூ.எஸ்.பி. 3.0 டிரைவரை முன்கூட்டியே சேர்த்தாக வேண்டும்.

அடுத்த முட்டுக்கட்டை டிஸ்க்கில் வரும். எஸ்.எஸ்.டி. என்று கேட்டால் கடையில் இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று சாட்டா, இன்னொன்று என்.வி.எம்.இ. இரண்டுமே எம்.2 என்ற ஒரே பட்டை வடிவத்தில் கிடைப்பதால்தான் குழப்பம். சாட்டா மட்டும் ஏற்கும் எம்.2 துளையில் என்.வி.எம்.இ. வேலை செய்யாது. வேலை செய்யும் மடிக்கணினியிலும், விண்டோஸ் 7-இன் மூல நிறுவியில் டிஸ்க் பட்டியல் காலியாகவே இருக்கும், என்.வி.எம்.இ. அதற்குத் தெரியாது. பின்னாளில் மைக்ரோசாஃப்ட் கே.பி. 2990941 என்ற திருத்தத்தைத் தந்தது. அதையும் நிறுவிக்குள் சேர்த்துத்தான் தொடங்க வேண்டும். லினக்ஸ் கெர்னலிலோ 2012-இலேயே இதற்கு வழி வந்துவிட்டது.

விண்டோஸ் எக்ஸ்.பி.யின் கதை இன்னும் பழையது. 2001-ல் வந்த அதற்கு, இன்றைய சாட்டா டிஸ்க்குகள் இயங்கும் ஏ.எச்.சி.ஐ. முறையே தெரியாது. பாதி தூரம் போய், 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை விழும். பயாஸில் ஐ.டி.இ. என்று மாற்றும் வசதி இருந்தால் தப்பிக்கலாம். அப்படியே ஏறினாலும் இரண்டு குறைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அழித்த இடத்தை எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லிவிடும் 'டிரிம்' கட்டளை எக்ஸ்.பி.யில் இல்லை. அது பகுதிகளை 63-ஆம் செக்டரிலிருந்து பிரிப்பதால் டிஸ்க்கின் 4 கே.பி. கட்டங்களோடு பொருந்தாமல் எழுதும் வேகமும் குறையும். விஸ்டா முதல் இந்தப் பொருத்தம் தானாக அமைகிறது. விண்டோஸ் 7-ல் டிரிம்மும் உண்டு.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். தமிழ் டி.டி.பி. கடைக்காரர்களைக் கேட்டால் தெரியும். பேஜ்மேக்கர் 7, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், கை பழகிய விசைப்பலகை என்று பல வருடத்துக் கோப்புகள் அவர்களிடம் கிடக்கின்றன. கல்யாணப் பத்திரிகைக்குப் பழைய மாதிரியைத் திறந்து பெயரை மட்டும் மாற்றும் வேலை அது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடாது என்ற சங்கடமும் சேர்ந்துகொள்கிறது.

அவர்களுக்கும் நான் சொல்வது, புதிய இயங்குதளத்தின் மேல் விர்ச்சுவல் பாக்ஸ் போட்டு அதற்குள் எக்ஸ்.பி.யை நிறுவுங்கள் என்பதே. உள்ளே இருக்கும் எக்ஸ்.பி.க்குப் பழைய ஐ.டி.இ. டிஸ்க் ஒன்று இருப்பதாகவே காட்டப்படும். வெளியே என்.வி.எம்.இ. இருந்தாலும் கவலையில்லை. 2 ஜி.பி. நினைவகம் மட்டுமே உள்ள கிழட்டு மடிக்கணினிக்கு இது ஆகாது. அதற்கு சாட்டா எஸ்.எஸ்.டி.யும் நேரடி நிறுவலும்தான்.

நேரடியாக நிறுவும்போது, ஜி.பி.டி. முறையில் பிரித்த டிஸ்க்கில் நிறுவ முடியாது என்று சில சமயம் மறுக்கும். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்து, லெகசி முறைக்கு மாற்றி, புது டிஸ்க்கில் உள்ள பகுதிகளை அழித்துவிட்டால் சரியாகும். இரண்டு டிஸ்க் பூட்டியிருந்தால் மட்டும், அழிப்பதற்கு முன் அளவைப் பார்த்து எது புதியது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

உரிம விஷயத்தில் பலரும் வீணாகப் பயப்படுகிறார்கள். விண்டோஸ் 8 முதல் பிராண்டட் மடிக்கணினிகளில் உரிம எண் மதர்போர்டின் சில்லிலேயே இருக்கிறது. டிஸ்க் மாறினாலும், அதே பதிப்பை நிறுவினால் தானே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 7 காலத்து இயந்திரங்களில் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள். தேய்ந்துபோகுமுன் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

இணையத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கானது 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு. இந்த இயந்திரங்களில் பத்திரிகை அச்சிடலாம், கணக்கு எழுதலாம். வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது.

கடையில் கொடுத்து மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கழற்றிய பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது ஓடவில்லை என்றாலும், உங்கள் ஆதார் நகலும் வீட்டுப் படங்களும் இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன.