கொரிய மொழி பேசிய கம்ப்யூட்டர்

கணினிப் பகுதிக்கு எழுதச் சொன்னதும் எனக்கு எங்க வீட்டுக் கதைதான் ஞாபகம் வந்தது. இதில் என் தப்பும் இருக்கிறது. மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் எங்க அம்மா மெஸ் நடத்துறாங்க. கம்பெனிக்குப் போகும் அண்ணன்கள் மாதக் கணக்கில் சாப்பிடுவார்கள். கணக்கு எழுத உதவும் என்று மாமா ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். ஆன் பண்ணினால், திரை முழுக்க வட்டமும் கோடுமாக ஏதோ எழுத்து! ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சில கடைப் பலகைகளில் பார்த்திருப்பீர்களே, அதே கொரிய எழுத்துதான். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்ததிலிருந்து கொரியாக்காரர்கள் நம்ம பக்கம் இருக்கிறார்கள். அவர்களில் யாரோ வைத்திருந்தது போல.

படிக்கத் தெரியாத மொழியில் இருந்துகொண்டு மொழியை எப்படி மாற்றுவது? படத்தைப் பார்த்துத்தான்! விண்டோஸ் படம் போட்ட விசையோடு ஆங்கில 'ஐ' எழுத்தை அழுத்தினால் எந்த மொழியில் இருந்தாலும் அமைப்புகள் பக்கம் திறக்கும். எங்களுடையது விண்டோஸ் 10. அதில் கடிகாரப் படம் உள்ள கட்டத்துக்குள் போனால் மொழிப் பக்கம் இருக்கும். அங்கே கூட்டல் குறியை அழுத்தினால் உலக மொழிகள் எல்லாம் அந்தந்த எழுத்திலேயே வரிசையாக வரும். தமிழ் என்று தமிழிலேயே இருக்கும்! அதைப் பார்த்ததும் கூட்டத்தில் நம்ம ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் நேரே தமிழுக்குத் தாவாமல் முதலில் ஆங்கிலத்தை இறக்கிக்கொள்வது நல்லது. தமிழ்த் தொகுப்பு ஆங்கிலத்தின் மேல் போர்த்திய துணி மாதிரி. தமிழாக்காத இடங்களில் அடியில் உள்ள ஆங்கிலம் தெரியும். இறக்கியபின் ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் மெனுவெல்லாம் தமிழ். "இப்ப நானே பாத்துக்குவேன்டா" என்று அம்மா சொன்னாங்க. (ஒரு மொழிக்கு மட்டும் உரிமம் உள்ள விண்டோஸும் உண்டு. அதில் திரை மொழியை இப்படி மாற்ற முடியாது. பழசு வாங்குகிறவர்கள் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.)

தமிழில் தட்டச்சு செய்வது வேறு சமாச்சாரம். அதற்கு விசைப்பலகையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டில் உருவான தமிழ்99 முறை, 2019 மே மாதப் புதுப்பிப்பில் விண்டோஸ் 10-க்குள்ளேயே வந்துவிட்டது.

இனிதான் என் தப்பு. மொழிக்குப் பக்கத்திலேயே வட்டாரம் என்று இன்னொரு பக்கம் உண்டு. தேதி, காற்புள்ளி, பணக்குறி எல்லாம் எந்த நாட்டு வழக்கப்படி வரணும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். ஆங்கிலம் இறக்கியபோது அங்கேயும் 'ஆங்கிலம் (அமெரிக்கா)' என்று கொடுத்திருந்தேன். திரை தமிழானதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். மொழி வேறு, வட்டாரம் வேறு!

கொரியாவிலும் ஜப்பானிலும் வருடத்தை முதலில் எழுதுவார்கள். நாம் நாளை முதலில் எழுதுகிறோம். அமெரிக்காவில் மாதம் முதலில். அம்மா எக்செலில் 05/06/2025 என்று ஜூன் 5-ஐ அடித்தாங்க. கம்ப்யூட்டர் அதை மே 6 என்று வைத்துக்கொண்டது. திரையில் 5/6/2025 என்றே தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 13 அடித்திருந்தாலாவது மாட்டியிருக்கும். 13-ஆம் மாதம் கிடையாதே! அதைத் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒதுக்கி வைக்கும். தேதியாக எடுத்திருந்தால் வலது ஓரத்தில் நிற்கும். எங்க மெஸ்ஸில் பணம் வருவது சம்பளத்தை ஒட்டி 5, 6, 7 தேதிகளில்தான்.

மாதக் கடைசியில் ஜூன் மாத வரவை மட்டும் பிரித்தெடுத்தேன். 6-ஆம் தேதி கட்டியவர்கள் மட்டுமே வந்தார்கள். 5-ஆம் தேதி மே மாதத்துக்கும், 7-ஆம் தேதி ஜூலைக்கும் போயிருந்தன. நான் அது புரியாமல் மீதிப் பேரை 'பாக்கி' என்று பட்டியல் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

செல்லில் பணம் அனுப்பியவர்கள் செல்லைக் காட்டிச் சண்டை போட்டுச் சரிசெய்துகொண்டார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு அண்ணன் 2,000 ரூபாயைக் கையில் கொடுத்திருந்தார். அவருக்குத் தமிழ் சரியாக வராது. "தியா அம்மா, தியா" என்று இரண்டு தடவை சொன்னார். அம்மா பட்டியலைக் காட்டினாங்க. மறுநாள் இன்னொரு 2,000 ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் சாப்பிட வரவே இல்லை.

எனக்கு உறுத்தியது. தேதிக் கட்டத்தை மாதப் பெயரோடு காட்டும்படி மாற்றினேன். அவர் வரிசையில் 'மே 6'! மே 6-இல் அவர் எங்க மெஸ்ஸுக்கே வந்ததில்லை. ஜூன் 1-ஆம் தேதிதான் சேர்ந்தார்.

வட்டாரப் பக்கத்தில் 'தமிழ் (இந்தியா)' என்று மாற்றினேன். இனி அடிப்பதெல்லாம் நாள், மாதம், வருடம் என்று சரியாக வரும். 150,000 என்று நின்றது 1,50,000 ஆகும். ஆனால் பழைய தப்பு தானாகச் சரியாகாது, ஜாக்கிரதை! எக்செல் தேதியை எழுத்தாக வைப்பதில்லை. 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டே வருகிறது. மே 6 என்றால் 45783, ஜூன் 5 என்றால் 45813. தப்பான எண் உள்ளே போய்விட்டால் வட்டாரத்தை மாற்றினாலும் அதே எண்தான். ராத்திரி பதினொன்றரை வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

மறுநாள் அம்மா லைன் வீட்டுக்கே போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. நானும் கூடப் போனேன். மன்னிப்பு கேட்க எனக்கு இந்தி வரவில்லை. "மேரா கல்தி" என்று மட்டும் சொன்னேன். சரியான இந்தியா என்று தெரியாது. அவர் சிரித்துவிட்டு, "கல் ஆயேகா" என்றார்.

மறுநாள் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்தார். இப்போது அம்மா கம்ப்யூட்டரில் '5 ஜூன்' என்று மாதப் பெயரோடுதான் அடிக்கிறாங்க.

— கணினி அறிவியல் பிரிவு மாணவன், பதினொன்றாம் வகுப்பு