நடுக்குவாதமும் மனத்தளர்ச்சியும்

நடுக்குவாதமாவது கைந்நடுக்கம் ஒன்றே எனப் பலரும் எண்ணுவர். சென்ற ஆண்டுவரை யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். எம் திருச்சபையைச் சேர்ந்த முதியவர் ஒருவர், நெடுங்காலம் தமிழாசிரியராய் விளங்கியவர், இந்நோயால் வருந்துகின்றார். அவரைக் காணச் சென்றபோது எம் உள்ளத்தைத் தைத்தது அவரது நடுக்கமன்று, மௌனமே. “ஐயாவுக்கு வயதாகிவிட்டது, அதனால் பேசுவதில்லை” என்றனர் வீட்டார். அம்மௌனமும் நோயின் கூறே என்பதைப் பின்னர் மருத்துவர் ஒருவர் வாயிலாக அறிந்தோம்.

இலண்டன் நகரில் வைத்தியம் புரிந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பார், 1817-ஆம் ஆண்டில் ஆறு நோயாளரின் நிலையை விவரித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவ்வறுவருள் சிலரை அவர் வீதியிற் கண்டதன்றி முறையாகச் சோதித்தவரல்லர். புலன்களும் அறிவும் இந்நோயிற் பழுதுறுவதில்லை என்றும் அந்நூலில் எழுதிவிட்டார். இவ்வொரு வாக்கியம் நெடுங்காலம் மருத்துவரை மயக்கிற்று. உண்மை வேறு. நடுமூளையிலுள்ள கரும்படலத்து உயிரணுக்கள் அழிந்து, டோபமின் என்னும் பொருள் குன்றுதலால் உடலியக்கம் தளர்கின்றது. செரட்டோனின் முதலிய பிற பொருள்களும் உடன் குன்றுகின்றன. ஆதலின் மனமும் வாடுகின்றது. நோயாளருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர்க்கு மனச்சோர்வு உண்டென்பர். பதற்றமும், இல்லாததைக் காணும் மருட்சியும் சிலர்க்கு வருவதுண்டு. (டோபமினாக மாறும் லெவோடோபா என்னும் மருந்துப்பொருளைப் பூனைக்காலி விதையினின்று 1937-இல் பிரித்தெடுத்தவர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் என்பது நமக்குப் பெருமை தருவதே.)

இனி, இம்மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் யாவர்? முதற்றடை நோயாளியின் முகத்திலேயே உள்ளது. முகத்தசைகள் விறைத்து, முகமூடி அணிந்தாற்போல் ஆகிவிடுதலால், துயரமுடையார் துயரமற்றவராகவும், துயரமற்றவர் துயரமுடையாராகவும் தோன்றுவர். சில நிமிடமே பார்க்கும் மருத்துவர் நடையையும் நடுக்கத்தையும் கேட்பரேயன்றி உறக்கத்தையும் அழுகையையும் கேட்பதரிது. கேட்டறிந்தாலும் அனுப்புதற்கு மனநல மருத்துவர் வேண்டுமே! 2015-16-இல் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வின்படி, இலட்சம் மக்களுக்கு மனநல மருத்துவர் கேரளத்தில் 1.2, மத்தியப் பிரதேசத்தில் 0.05. ஒரே நாட்டினுள் இருபத்துநான்கு மடங்கு வேற்றுமை! இச்சிலரும் பெரும்பாலும் நகரங்களிலேயே வாழ்கின்றனர்.

மருத்துவர் கிடைத்தலும் போதாது. மருட்சிக்குச் சாதாரணமாகத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் டோபமினைத் தடுப்பன. நடுக்குவாதமுடையார் அதனை உண்டால் உடல் விறைத்துப்போம். அவர்க்கு ஏற்ற குளோசாபின் தொடங்கினாலோ, முதற்சில மாதங்கள் வாரந்தோறும் இரத்தம் சோதித்தல் வேண்டும். சோதனைச்சாலை அருகிலுள்ளவர்க்கே அது கைகூடும். சிற்றூரார் கூலி நாளொன்றை இழந்து வாரந்தோறும் பேருந்தேறுவது எங்ஙனம்?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசின் மனநலச் சேவையைப் பெறுதல் ஒவ்வொருவர்க்கும் உரிமை என்கின்றது. உடல்நோய்க்குப் போன்றே மனநோய்க்கும் காப்பீடு தருக என்றும் விதிக்கின்றது. சட்டம் நன்றே, ஆனால் சட்டம் பேருந்துப் படியில் கைகொடுத்து ஏற்றாது.

தொலைபேசி ஓரளவு உதவலாம். மனச்சோர்வுற்ற நடுக்குவாத நோயாளர்க்குத் தொலைபேசி வழியே சிந்தனைப் பயிற்சிச் சிகிச்சை அளித்து, அது பயன்படுவதை 2020-இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். நம் நாட்டிலும் 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் சேவை நடைபெறுகின்றது; தமிழிலும் பேசலாம். ஆயினும் இந்நோய் குரலையும் தாழ்த்திவிடும் என்பதை மறத்தலாகாது. எம் ஆசிரியர் பேச முயன்றபோது அருகிலிருந்த எமக்கே பாதி விளங்கவில்லை.

இப்பொழுது அவர் மகளார், காலை மாத்திரையின் வேகம் இறங்குமுன் நகர மருத்துவமனையை அடையுமாறு நேரங் கணக்கிட்டு, விடியுமுன் முதற் பேருந்தில் அவரை அழைத்துச் செல்கின்றார். மனநல மருத்துவர் தனியே வேறொரு நாளிலேயே பார்ப்பராதலின், அப்பயணம் திங்களுக்கு இருமுறை.