லாரி: மாலத்தீவு சுல்தானகத்தின் வெண்கலக் காசு

ஹிஜ்ரி 1331 (கி.பி. 1913)
வெண்கலம். அச்சிட்ட இடம்: பர்மிங்காம், இங்கிலாந்து

சுல்தான் மூன்றாம் முகம்மது ஷம்சுத்தீன் காலத்துக் காசு இது. முற்காலத்தில் தலைநகர் மாலேயில் கையால் அடித்த காசுகள் புழங்கின. அவற்றின் ஓரம் ஒழுங்காக இராது. சிலவற்றில் எழுத்து விளிம்போடு அறுந்துவிடும். இயந்திரத்தில் அச்சான இந்தக் காசின் சீரான வட்டத்தைப் பாருங்கள்.

மன்னரின் உருவம் இல்லை. அரபு எழுத்துகளே அழகு. ‘நிலத்துக்கும் கடலுக்கும் சுல்தான்’ என்பது மாலத்தீவுக் காசுகளில் வரும் பட்டம். பாரசீகத்து லார் நகரின் வெள்ளிக் கம்பிக் காசிலிருந்து வந்த பெயர் லாரி. இன்றும் 100 லாரி சேர்ந்தால் ஒரு ருஃபியா.

காசு சேகரிப்போர் கவனத்துக்கு: பழைய வெண்கலத்தைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். காலம் பூசிய நிறத்தோடு எழுத்தும் தேய்ந்துவிடும்.