விடுதியை அடைக்கும்போது கேட்க வேண்டியவை

2020 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை ஐஐடி வளாகத்தில் கொரோனா வேகமாகப் பரவியது. மாதம் பாதி முடிவதற்குள் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது. அப்போது விடுதிகளில் தங்கியிருந்தவர்களே எழுநூற்றுச் சொச்சம் பேர்தான். துறைகள், ஆய்வகங்கள், நூலகம் எல்லாம் மூடப்பட்டன. அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. சாப்பாடு பொட்டலமாக அறைக்கே வந்தது. தொற்று உறுதியானவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். காரணம் தேடிய சுகாதாரத் துறை மெஸ்ஸைக் கைகாட்டியது. இயங்கியது ஒரே மெஸ். விடுதிக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் கூடினார்கள்.

இந்தக் கடைசித் தகவல் முக்கியமானது. எந்த வளாகத்தில் தொற்று பரவினாலும், மாணவர்கள் ஒழுங்காக இல்லை என்பதுதான் முதலில் எழும் பேச்சு. மாஸ்க் இல்லாமல் திரிந்தவர்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் மாஸ்க்கைக் கழற்றாமல் சாப்பிட முடியாது. எத்தனை மெஸ் திறப்பது என்று முடிவு செய்வதும் மாணவர் இல்லை. தொற்றுக் காலத்தில் வளாகத்தை இறுக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு, இருக்கவும் வேண்டும். உள்ளே அடைபட்டவரின் சோற்றுக்கும் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் பொறுப்பேற்காமல் அந்த அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது என்பதே இங்கே சொல்ல வருவது.

உத்தரவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அதைப் போட்டது யார் என்பது. 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம், 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஆகியவற்றின் கீழ் அரசோ மாவட்ட ஆட்சியரோ போட்ட உத்தரவு என்றால், மீறுவது குற்றம். பேரிடர் சட்டத்தின் 51-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. பதிவாளரோ வார்டனோ தம் பொறுப்பில் விட்ட சுற்றறிக்கை என்றால், மீறினால் வருவது ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே. அதற்கும் விதியில் இடம் இருக்க வேண்டும். விளக்கம் கேட்காமல் விடுதியை விட்டு நீக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் விடுதித் தலைவர் போடும் ஒற்றை வரியை உத்தரவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கையொப்பமும் தேதியும் உள்ள நகலைக் கேளுங்கள். காரணம் என்ன, எந்தத் தேதி வரை, உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்றும் அதில் இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டதற்குச் சாட்சி இருக்கும்.

படிப்பைப் பொறுத்தவரை, கொரோனா காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சில வழிகளைத் திறந்து வைத்தது. ஊரடங்கு நாட்களை வருகை தந்த நாட்களாகவே கருதலாம் என்று 2020 ஏப்ரலில் வழிகாட்டியது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் கெடு நீட்டிக்கப்பட்டது. 2020-21-இல் சேர்ந்து நவம்பர் 30-க்குள் விலகியவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரச் சொன்னது. அவை அந்தக் காலத்துக்கான சலுகைகள். அடுத்த தொற்றின்போது தானாகவே வந்துவிடாது. ஆனால் முன்மாதிரி இருக்கிறது என்பதைக் காட்டிக் கேட்கலாம். மொத்தச் செலவைச் சாப்பிட்டவர்களுக்குள் பகிரும் டிவைடிங் முறையில் மெஸ் நடக்கும் விடுதி என்றால், சாப்பிடாத நாட்களைக் கழித்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பொருட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் சென்னை மாநகராட்சி அண்ணா பல்கலைக்கழக விடுதிகளைத் தனிமைப்படுத்தும் மையமாக்கக் கேட்டபோது, ஊருக்குப் போயிருந்த மாணவர்களின் உடைமைகள் அறைகளுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தன. அவசரமாக ஊருக்கு அனுப்பப்பட்டால் அசல் சான்றிதழ்களையும் மடிக்கணினியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். விட்டுச் செல்பவற்றைப் படம் எடுத்து, பட்டியலை வார்டனுக்கு அனுப்பிவிடுங்கள்.

தடுப்பூசி போடாதவருக்கு அனுமதி இல்லை என்ற விதியும் பல இடங்களில் இருந்தது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல் மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 2-இல் தீர்ப்பளித்தது. பொது நலனுக்காகக் கட்டுப்பாடு போடலாம். அது ஆபத்தின் அளவுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். ஊசி போட்டுக்கொள்வது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை மிரட்டலால் அல்ல, விளக்கத்தால் செய்ய வேண்டும்.

புகாருக்கு வழி இருக்கிறது. யுஜிசியின் 2023 விதிகளின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் ஆம்புட்ஸ்பர்சன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஐஐடி போன்றவை தனிச் சட்டத்தின் கீழ் இயங்குபவை; அங்கே நிறுவனத்தின் சொந்தக் குழு, அடுத்து மத்திய அரசின் சிபிகிராம்ஸ் என்ற இணையப் புகார் தளம். அரசு நிறுவனம் எதுவானாலும் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி உத்தரவின் நகலைக் கேட்கலாம். சாதாரணமாக 30 நாள் கெடு. உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். அறைக்குள் அடைபட்டு மருத்துவம் கிடைக்காமல் இருப்பவருக்கு அந்த 48 மணி நேரம் கூட நீண்டதுதான். அவர் முதலில் 108-ஐ அழைக்கட்டும். தனிமை மனதை அழுத்தினால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

தொற்று போன பிறகும் தொற்றுக் கால விதிகள் சில தங்கிவிடும். இதில் அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் பெண்கள் விடுதியில் இருப்பவர்கள். வெளியே போய்வரும் நேரத்தை ஒருமுறை சுருக்கினால் பழையபடி நீட்டுவது எளிதில் நடப்பதில்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண்களுக்கு இல்லாத விதியைப் பெண்களுக்கு மட்டும் போடக் கூடாது என்று பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான யுஜிசியின் 2015 விதிகள் சொல்கின்றன. உங்கள் விடுதியில் மாலையில் கேட் மூடும் நேரம் எந்தச் சுற்றறிக்கையில் வந்தது, அதில் முடியும் தேதி இருந்ததா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள்.