இறால் ஆகாத பிள்ளையும் பினாங்குத் தீவும்

"தீவுக்கா போறீங்க? அப்ப மீனும் இறாலுமா ஒரு கை பாத்துட்டு வாங்க!" என்று எங்கள் தெருவில் சொல்லாதவர்கள் இல்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் என் வயிற்றில் புளியைக் கரைத்தது. காரணம், என் சின்னவனுக்கு இறால் ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்று அர்த்தமில்லை. ஆறு வயதில் ஓர் உறவினர் வீட்டு விருந்தில் இரண்டே இரண்டு இறாலைத் தின்றுவிட்டு, அரை மணி நேரத்தில் உதடு பணியாரம் போல வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகி, ராத்திரி முழுக்க அவனை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இப்போது அவனுக்குப் பதினொரு வயது.

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேர் விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. நாலு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று பேப்பரில் படித்ததிலிருந்து இவருக்கு அதே பேச்சு. "தமிழ் பேசற ஊரு. சோறு கிடைக்கும். எதுக்குப் பயப்படறே?" என்றார். 2025 மே லீவில் ஐந்து நாள் பயணமாக நாங்கள் இருவரும், காலேஜில் சேரப்போகும் பெண்ணும், பையனும் கிளம்பினோம். மாமியார் ஒரு டப்பா நிறையப் புளிக்காய்ச்சல் கட்டிக் கொடுத்தார். "ஒண்ணும் கிடைக்கலேன்னா வெறுஞ்சோத்துல பிசைஞ்சு போடு" என்று உத்தரவு.

பினாங்கு மலேசியாவைச் சேர்ந்த தீவு. ஜார்ஜ் டவுன் என்பது அதன் பட்டணம். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஊர். பழைய கட்டடங்கள், கோயில்கள் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த ஊருக்குப் பாதிப் பேர் வருவதே சாப்பிடத்தான் என்று போன பிறகு தெரிந்தது. பெரிய ஹோட்டல்களில் இல்லை, தெருவோரத் தள்ளுவண்டிகளில். சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்கு வரிசையாக வண்டிகள் வந்து நிற்கும். ஒரு வண்டிக்கு ஒரே ஒரு பண்டம். நூடுல்ஸ் வறுக்கிறவர் அதை மட்டும்தான் வறுப்பார். நாம் ஒரு மேஜையைப் பிடித்து உட்கார்ந்து, எந்த வண்டியில் வேண்டுமோ அங்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தால், கொண்டுவந்து வைத்துவிட்டுக் கையோடு காசை வாங்கிக்கொள்வார்கள். குடிப்பதற்கு மட்டும் தனி ஆள் வருவார். அவரிடம் ஒன்றும் வாங்காமல் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்தால் முகம் கொஞ்சம் மாறும். நான் வைத்துப் பார்த்தேன்!

முதல் நாள் சாயங்காலம் அப்படி ஒரு தெருவுக்குப் போனோம். நான் வெகு ஜாக்கிரதையாக இருப்பதாக நினைப்பு. நூடுல்ஸ் வண்டியில் பெரிய கிண்ணம் நிறைய உரித்த இறால் இருந்தது. "அது வேண்டாம்டா" என்று பையனை நகர்த்திவிட்டேன். அடுத்த வண்டியில் ஒரு சீனத்துப் பாட்டியம்மா அன்னாசி, கொய்யா, மாங்காய், வெள்ளரிக்காய் எல்லாம் நறுக்கிக்கொண்டிருந்தார். ரோஜாக் என்று பெயர். பழம்தானே, பழத்தில் என்ன வரப்போகிறது என்று ஒரு பிளேட் வாங்கினேன். மேலே கருகருவென்று வெல்லப்பாகு மாதிரி ஒன்றை ஊற்றிப் பிரட்டி, வேர்க்கடலைப் பொடி தூவிக் கொடுத்தார். பையன் நாலு துண்டு தின்றான். "அம்மா, இனிப்பும் புளிப்புமா சூப்பரா இருக்கும்மா" என்றான். ஐந்தாவது துண்டை எடுக்கும்போது உதட்டைச் சொறிந்தான்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. கழுத்தில் தடிப்பு கிளம்பிவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த அலர்ஜி மருந்து எப்போதும் என் கைப்பையில் இருக்கும். அதைக் கொடுத்துவிட்டு, டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்தப் பாட்டியம்மா பாவம், விஷயம் புரியாமல் தண்ணீர் கிளாஸோடு டாக்சி வரை வந்தார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட்காதது நான்.

நல்லவேளையாக மூச்சு திணறவில்லை. இருந்தாலும் அடங்கின மாதிரி இருந்து, சில மணி நேரம் கழித்து மறுபடியும் கிளம்பலாம் என்று எங்களை அங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள். பார்த்த டாக்டரம்மா அந்த ஊர்த் தமிழ்ப் பெண். "நீங்க தட்டுல இறால் தெரியுதான்னு பார்க்கிறீங்க. இங்க அது ஜாடியில இருக்கும்" என்றார். அந்தக் கறுப்புப் பாகின் பெயர் ஹேக்கோ. இறாலைக் காய்ச்சி எடுத்த இனிப்பு விழுது. இன்னொன்று பெலாச்சான். பொடி இறாலை உப்பிட்டு, புளிக்க வைத்து, அரைத்துக் கட்டியாக்கியது. நாம் பெருங்காயம் போடுகிற மாதிரி அந்த ஊரில் அதைப் பல சமையலில் சேர்க்கிறார்கள். சம்பல் என்கிற மிளகாய்த் துவையலில் அநேகமாக அது இருக்கும். ஹொக்கியன் மீ என்று ஒரு நூடுல்ஸ். பெயரில் இறாலே இல்லை. அதன் சிவப்புச் சாறோ இறால் தலையையும் ஓட்டையும் வறுத்துக் கொதிக்க வைத்து எடுத்தது. லக்ஸா என்னும் புளிப்பு மீன் சாறில் கடைசியாக ஒரு கரண்டி ஹேக்கோ. மேலே நொறுக்கிப் போடும் அப்பளத்தில்கூட இறால் இருக்கலாம்.

"கொதிச்சா போயிடாதா டாக்டர்?" என்று கேட்டேன். போகாதாம். இறாலில் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத அந்தப் புரதம் சூட்டில் அழிவதில்லை. வறுத்தாலும், வேகவைத்தாலும், விழுதாக்கினாலும் நம்பக் கூடாது. இறால் ஆகாதவர்களுக்குப் பெரும்பாலும் நண்டும் ஆகாது. மீன் வேறு ஜாதி, அது ஒத்துக்கொள்ளலாம். அரிப்பு, தடிப்புக்குத்தான் அந்த மருந்து. மூச்சிரைப்பு, குரல் கம்மல், தலைசுற்றல், தொடர்ந்து வாந்தி என்று வந்தால் மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அதற்கு உடனே அட்ரினலின் ஊசி போட வேண்டும். மலேசியாவில் அவசர உதவிக்கு 999. எங்கள் ஊர் டாக்டரும் இதையெல்லாம் சொன்னவர்தான். ராத்திரி பதினோரு மணிக்கு அயல்நாட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டபோதுதான் மனசில் ஏறியது.

கிளம்பும்போது அங்கிருந்த சீன நர்ஸ் ஓர் அட்டையில் மலாய் மொழியிலும் சீனத்திலும் எழுதிக் கொடுத்தாள்: 'இந்தப் பிள்ளைக்கு இறால், நண்டு அலர்ஜி. பெலாச்சான், ஹேக்கோ, காய்ந்த இறால் எதுவும் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும்.' அந்தக் கடைசி வரியை அவளாகவே சேர்த்தாள். "இதைப் போட்டாத்தான் பயப்படுவாங்க ஆன்ட்டி" என்றாள். சொந்தக்காரியாக இருந்தால் ஒரு பட்டுப்புடவையே எடுத்துக் கொடுத்திருப்பேன்.

மறுநாள் நான் அறையை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பிரெட்டும், வாழைப்பழமும், வெளியிலிருந்து வாங்கிவந்த வெறுஞ்சோற்றில் மாமியாரின் புளிக்காய்ச்சலும். மத்தியானம் பையனே வந்து, "ஏம்மா, இனிமே எங்கே போனாலும் பிரெட்டுதானா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்தது. பள்ளிக்கூடத்து டூர், காலேஜ் ஹாஸ்டல் என்று அவன் எத்தனை இடம் போக வேண்டியவன்! அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

முதலில் லிட்டில் இந்தியா. பினாங்கு ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் போனால் நம்மூர்க் கடைவீதிக்குள் நுழைந்த மாதிரி பூவும் பாட்டுமாக இருக்கிறது. குயீன் ஸ்ட்ரீட்டில் 1833-ஆம் வருஷத்து மகாமாரியம்மன் கோயில். அம்மனிடம் ஒரு மூச்சு அழுதுவிட்டுப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். தமிழில் கேட்க முடிகிறது என்பதே எவ்வளவு பெரிய நிம்மதி! நான் கேட்ட கேள்விகளைத் தாங்காமல் சமையற்கட்டிலிருந்து ஓர் அம்மாளே வந்துவிட்டார். "தம்பிக்கு எறால் ஆவாதா? நம்ம கடையில கறி, கோழி மட்டும்தான். எறாலே வாங்கறதில்லை. உள்ள வந்து பாருங்க" என்று அடுப்படியையே காட்டினார். 'இதில் இறால் இல்லை' என்பதைவிட 'இந்தக் கடைக்குள் இறாலே வராது' என்பது எவ்வளவோ மேல் என்று அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன். இலை போட்டுச் சோறு, குழம்பு, ரசம், இரண்டு கறிகாய். பையன் சாப்பிட்டதைப் பார்த்து எனக்கு வயிறு நிறைந்தது.

அடுத்த அதிர்ஷ்டம், சீனர்களின் சைவக் கடைகள். புத்தரை வழிபடுகிறவர்கள் நடத்துவது. மீன், இறால் கிடையாது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத கடைகள் உண்டு. பதினைந்து இருபது தட்டுகளில் பொரியலும் கூட்டுமாக வைத்திருப்பார்கள். தட்டில் சோற்றை வாங்கிக்கொண்டு வேண்டியதை எடுத்து வைத்துக் காட்டினால் பார்த்து விலை சொல்வார்கள். சீனருக்கு மாதம் அமாவாசையன்று பிறக்கிறது. மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் நிறையப் பேர் சைவம் சாப்பிடுவதால் அன்றைக்குக் கூட்டம் தாங்காது. நம்மைப் போலவே அமாவாசையும் பௌர்ணமியும்! ஒரே ஒரு திடுக்கிடல். ஒரு தட்டில் வாலும் சிவப்புக் கோடுமாக அச்சு அசல் இறால் படுத்திருந்தது! எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. கடைக்காரர் சிரித்துச் சிரித்து, அது ஒரு கிழங்கு மாவில் செய்த பொய் இறால் என்று விளக்கினார். என் பெண் வாங்கித் தின்று "நிஜம் மாதிரியே இருக்கும்மா" என்றாள். பையனுக்குத் தரவில்லை. பொய் இறாலுக்குப் பழகினவன் நாளைக்கு நிஜ இறாலைக் கண்டு ஏமாந்தால்? ஒரு விஷயம் சகோதரிகளே, இந்தக் கடைகளில் கோதுமையும் சோயாவும் ஏராளம். அது ஆகாத பிள்ளைகளுக்கு இந்த இடம் சரிப்படாது.

காலை டிபனுக்குக் கவலையே இல்லை. ரொட்டி சானாய் என்று நம் பரோட்டாவின் தங்கச்சி ஒன்று. மாவை வீசி வீசி மெல்லிசாக்கிக் கண்ணெதிரே சுடுகிறார்கள். ஆனால் தொட்டுக்கொள்ள என்ன ஊற்றுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். பருப்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரே கரண்டி எல்லாவற்றுக்குள்ளும் போய் வருகிறதா என்று நின்று பார்ப்பேன். நாங்கள் போன கடைக்காரர் தமிழ் முஸ்லிம். "பருப்புக்குத் தனிக் கரண்டி வச்சிருக்கேன் அக்கா, பயப்படாதீங்க" என்றார். இரண்டு ரிங்கிட் சில்லறைக்கு ஒரு ரொட்டி. அப்போது ஒரு ரிங்கிட் சுமார் 20 ரூபாய்.

அதே காரணத்தால் நாசி கண்டார் கடைகளுக்குள் பையனை விடவே இல்லை. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் தோளில் காவடி போலத் தூக்கிப் போய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு அது. கண்டார் என்றால் அந்தத் தோள் கம்புதான். சோற்றின் மேல் நாலைந்து குழம்பையும் கலந்து கலந்து ஊற்றுவதுதான் அதன் ருசியே. இறால் குழம்புக் கரண்டி கோழிக் குழம்பில் முழுகாமல் இருக்குமா? இவர் மட்டும் ஒரு நாள் தனியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, ராத்திரி வரை அதையே வர்ணித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

தள்ளுவண்டித் தெருவுக்கும் மறுபடி போனோம், பயந்துகொண்டேதான். பத்து வண்டியில் எட்டில் அட்டையைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்கள். ஒரு சீனர் தன் வாணலியைக் காட்டி, அதில் அன்றைக்கு முழுக்க இறால்தான் வறுத்திருப்பதாகச் சாடையில் சொல்லி, வேண்டாம் என்று தலையாட்டினார். வியாபாரத்தை விட்டுக் கொடுத்து உள்ளதைச் சொன்னாரே! 'பரவாயில்லை, இறாலை எடுத்துவிட்டுத் தருகிறேன்' என்று உற்சாகமாகச் சொன்ன ஒருவரிடம்தான் நான் வாங்கவில்லை.

பையனுக்குக் கிடைத்தது தித்திப்பு வகை. ஆப்பத்தை அங்கே அப்போம் என்கிறார்கள். இடியாப்பத்தைப் புட்டு மாயம் என்று தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் போட்டுத் தருகிறார்கள். பினாங்கு ரோடு பக்கம் கெங் குவீ தெருவில் செண்டோல். சீவின ஐஸ், தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சிவப்புப் பயறு, ஒருவகை வாசனை இலைச் சாறில் பிழிந்த பச்சைச் சேவை. அந்த வெயிலில் அமிர்தம். இருந்தும் அட்டையைக் காட்டாமல் வாங்கவில்லை. மூன்றாவது நாளிலிருந்து நான் எடுக்குமுன் பையனே சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். "அனாக்" என்றால் பிள்ளை, "உடாங்" என்றால் இறால் என்று வார்த்தைகளும் கற்றுக்கொண்டுவிட்டான். நான் வாய் திறந்தால், "நான் கேக்கறேன் இரும்மா" என்கிறான்.

கடைசி நாள் எனக்கு லக்ஸா சாப்பிட ஆசை. சொல்ல வெட்கமாக இருந்தது. பையன்தான், "நீயும் அப்பாவும் போய்ச் சாப்பிடுங்க, நானும் அக்காவும் செண்டோல் கடையிலே இருக்கோம்" என்று அனுப்பினான். புளியும் மீனும் புதினாவுமாக, நம் மீன் குழம்புக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி இருந்தது. சாப்பிட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கையையும் வாயையும் கழுவிக்கொண்டு பிள்ளைகளிடம் திரும்பினோம்.

ஊருக்கு வந்ததும் மாமியார் முதலில் பார்த்தது புளிக்காய்ச்சல் டப்பாவைத்தான். முக்கால்வாசி அப்படியே இருந்தது. "பிள்ளையைப் பட்டினி போட்டியா?" என்றார். பையன் அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினான். இப்போது அதன் பின்பக்கத்தில் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணம் வருகிறது.